சாக்கடை விதிகளைக் காப்பது யார் பொறுப்பு?

பெருநகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலையை இன்றும் பெரும்பாலும் செய்பவை நுண்ணுயிர்களே. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய வேதியியலாளர்கள் அறிவித்த ‘செயலூட்டிய கசடு’ முறையில், அதாவது கழிவுநீரைப் பெரிய தொட்டிகளில் தேக்கிக் காற்றூட்டி, அதில் பெருகும் நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கைச் சிதைக்கும் முறையில், மனிதக் கழிவும் சமையலறை நீரும் அந்த உயிர்களுக்கு உணவாகிவிடுகின்றன. மின்முலாம் பட்டறையின் குரோமியமும், மருந்து ஆலையின் கரைப்பானும், தோல் பதனிடும் ஆலையின் சல்பைடும் அப்படி எளிதில் செரிப்பவை அல்ல. அவை நுண்ணுயிர்களைக் கொன்று நிலையத்தை முடக்கலாம். மாற்றம் எதுவும் அடையாமல் நிலையத்தைக் கடந்து ஆற்றிலோ கடலிலோ கலக்கலாம். தொட்டியின் அடியில் படியும் கசடில் தங்கி, எருவாகப் பயன்பட்டிருக்க வேண்டிய அதை நஞ்சாக்கிவிடலாம்.

இவை சுத்திகரிப்பு நிலையத்தில் விளையும் தீங்குகள். அங்கே போய்ச் சேர்வதற்கு முன்பே, குழாய்க்குள் அமிலம் காரையை அரிக்கிறது, கொழுப்பு வழியை அடைக்கிறது, எரியும் ஆவி தேங்கி வெடிக்கக் காத்திருக்கிறது, நச்சுவாயு உள்ளே இறங்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கிறது. இதனால்தான் பொதுச் சாக்கடைக்குள் எதை விடலாம், எந்த அளவுக்கு விடலாம் என்று பல நாடுகள் விதி வகுத்துள்ளன. விதிகளின் வாசகங்கள் நாட்டுக்கு நாடு பெரிதும் மாறுபடுவதில்லை. மாறுபடுவது அவை காக்கப்படும் முறையே. சாக்கடையை உடைமையாகக் கொண்ட அமைப்புக்கே சோதிக்கும் கடமையும் தண்டிக்கும் அதிகாரமும் இருந்து, தன் நிலையத்திலிருந்து வெளியேறும் நீருக்கு அந்த அமைப்பே சட்டத்தின் முன் பதில் சொல்லவும் வேண்டியிருக்கும் இடத்தில் விதி உயிரோடு இருக்கிறது. இந்த மூன்றும் பிரிந்து கிடக்கும் இடத்தில் விதி அரசிதழின் பக்கங்களிலேயே நின்றுவிடுகிறது.

லூயிவில் கற்ற பாடம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், ஒகையோ ஆற்றின் கரையில் உள்ள லூயிவில் நகரம் இந்த உண்மையை நான்கே ஆண்டு இடைவெளியில் இருமுறை அறிந்துகொண்டது. 1977-இல் பூச்சிக்கொல்லித் தயாரிப்பில் பயன்படும் நச்சு வேதிப்பொருள் கழிவை ஒருவர் நகரின் சாக்கடையில் சட்டவிரோதமாகக் கொட்டியதில், மோரிஸ் ஃபோர்மன் சுத்திகரிப்பு நிலையத்தின் பணியாளர்கள் நோயுற்றனர், நிலையம் மூடப்பட்டது, அதைத் தூய்மைப்படுத்தி மீண்டும் இயக்குவதற்குப் பிடித்த மாதங்களில் நகரத்தின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஒகையோ ஆற்றில் விடப்பட்டது. கொட்டிய நிறுவனத்தின் தலைவருக்கு நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. தொழிற்சாலைக் கழிவு தொடர்பான குற்றங்களில் தனிமனிதர் சிறைக்குச் செல்வது அரிதாக இருந்த காலம் அது.

அந்த வழக்கு முழுமையாக முடிவதற்குள்ளாகவே, 1981 பிப்ரவரி 13 அதிகாலையில், சோயா எண்ணெய் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்றிலிருந்து சாக்கடைக்குள் கசிந்திருந்த ஹெக்சேன் என்னும் எளிதில் தீப்பற்றும் கரைப்பானின் ஆவி வெடித்து, நகரின் தெருக்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் பிளந்துபோயின. விடியாத நேரமாக இருந்ததால் உயிரிழப்பு நேரவில்லை. மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. அங்கே பெட்ரோல் குழாய் ஒன்றில் ஏற்பட்ட துளை வழியே எரிபொருள் சாக்கடைக்குள் இறங்கியது. பெட்ரோல் வாடை வீசுகிறது என்று மக்கள் சில நாள்களாகவே முறையிட்டும் அப்பகுதியிலிருந்து அவர்கள் வெளியேற்றப்படவில்லை. 1992 ஏப்ரல் 22 அன்று அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாக்கடைக்குள் என்ன ஓடுகிறது என்பதை அறிந்து உடனே செயல்படக் கடமைப்பட்ட அமைப்பு ஒன்று விழிப்புடன் இருக்க வேண்டியதன் தேவையை இந்நிகழ்வுகளைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

ஏணிப்படியாக அமைந்த நடவடிக்கை

அமெரிக்காவின் 1972-ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டமும், அதன்கீழ் 1978-இல் வெளியான முன்சுத்திகரிப்பு விதிகளும் இந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தன என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. முன்சுத்திகரிப்பு என்பது, ஆலை தன் கழிவுநீரைப் பொதுச் சாக்கடையில் விடுவதற்கு முன் நஞ்சையும் மிகைச் சுமையையும் தன் வளாகத்துக்குள்ளேயே நீக்குவதாகும். நாளொன்றுக்கு 50 லட்சம் கேலனுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1.9 கோடி லிட்டருக்கு மேல் சுத்திகரிக்கும் திறனும், நிலையத்தைப் பாதிக்கக்கூடிய தொழிற்கழிவின் வரத்தும் உள்ள நகர அமைப்புகள் தமக்கென முன்சுத்திகரிப்புத் திட்டம் வகுத்து நடத்த வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. நகர அமைப்பே தன் சாக்கடையில் கழிவு விடும் ஆலைகளைத் தேடிப் பட்டியலிடுகிறது, அனுமதி வழங்குகிறது, தன் நிலையத்தின் தாங்குதிறனுக்கு ஏற்ப உள்ளூர் வரம்புகளைக் கணக்கிட்டு நிர்ணயிக்கிறது. பெரிய ஆலை ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வு நடத்தி மாதிரி எடுப்பது நகரத்தின் கடமை. ஆண்டுக்கு இருமுறையேனும் அறிக்கை தருவது ஆலையின் கடமை.

எல்லா ஆலைகளுக்கும் பொதுவான தடைகளும் உண்டு. தீப்பற்றும் வெப்பநிலை 60 பாகை செல்சியஸுக்குக் கீழே உள்ள திரவம், சாக்கடையை அடைக்கும் திடப்பொருள், பணியாளர்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் நச்சுவாயுவை உண்டாக்கும் பொருள் ஆகியவற்றைச் சாக்கடையில் விடக்கூடாது. குறிக்கப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் லாரிக் கழிவை இறக்கக்கூடாது. நல்ல தண்ணீரைக் கலந்து செறிவைக் குறைத்துவிட்டு வரம்புக்குள் இருப்பதாகக் கணக்குக் காட்டுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. இந்தக் கடைசித் தடை முதன்மையானது. ஏனெனில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று அளக்கும் எந்த விதியையும் ஏமாற்றுவதற்கு மிக எளிய வழி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவதுதான்.

மீறல் கண்டறியப்பட்டால் என்ன செய்வது என்பதையும் நகரம் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முதலில் அறிவிப்பு, பிறகு காலக்கெடுவுடன் கூடிய திருத்த ஆணை, அதன்பின் அபராதம், வழக்கு, இறுதியாக இணைப்புத் துண்டிப்பு என்று ஏணிப்படியாக அமையும் அந்தத் திட்டத்தில், எந்த மீறலுக்கு எந்தப் படி, எத்தனை நாள்களுக்குள், எந்த அலுவலர் என்பவை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். அலுவலரின் விருப்புவெறுப்புக்கு இதில் இடம் குறைவு. அடுத்த படி எது, அது எப்போது வரும் என்பது ஆலை உரிமையாளருக்கும் தெரியும். பெரிய தண்டனையை எப்போதாவது ஒருமுறை விதிப்பதைவிட, சிறிய தண்டனை தவறாமல் வந்து சேர்வதே ஒழுங்கை உண்டாக்கும் என்ற பட்டறிவு இந்த ஏணியின் அடிப்படை.

தண்டனையின் அளவைப் பற்றியும் ஒரு கொள்கை உண்டு. சுத்திகரிப்புக் கருவி வாங்காமலும், வாங்கியதை இயக்காமலும் ஆலை மிச்சப்படுத்திய பணம் முழுவதையும் அபராதம் திரும்பப் பெற வேண்டும் என்பதை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984-ஆம் ஆண்டுத் தண்டக் கொள்கையிலேயே ஏற்றுக்கொண்டது. மீறுவதற்கு ஆகும் செலவு கடைப்பிடிப்பதற்கு ஆகும் செலவைவிடக் குறைவாக இருக்குமானால், அபராதம் என்பது ஆலையின் கணக்கேட்டில் மற்றொரு செலவினமாகிவிடும். நேர்மையாகச் சுத்திகரிக்கும் ஆலையோ போட்டியில் தோற்கும்.

இவை எல்லாவற்றையும்விட ஒரு நாளிதழ் வாசகருக்கு நெருக்கமான விதி மற்றொன்று இருக்கிறது. பெருமீறல் புரிந்த ஆலைகளின் பெயர்களை, அந்நகரில் பொதுவாகப் படிக்கப்படும் நாளிதழில், ஆண்டுதோறும் நகர அமைப்பு வெளியிட்டாக வேண்டும். பெருமீறல் எது என்பதற்கும் எண்வடிவில் இலக்கணம் உண்டு: எடுத்துக்காட்டாக, ஆறு மாதங்களில் எடுத்த அளவீடுகளில் 66 விழுக்காடோ அதற்கு மேலோ வரம்பைக் கடந்திருந்தால் அது பெருமீறல். அபராதத்தை எளிதாகக் கட்டிவிடும் பெரிய நிறுவனமும், தன் பெயர் தன் ஊர்க்காரர்கள் படிக்கும் தாளில் வருவதை விரும்புவதில்லை.

நகர அமைப்பு இவ்வளவு வேலையையும் தட்டிக்கழிக்காமல் செய்வதற்குக் காரணம், அதன் தலைக்கு மேலும் சட்டம் நிற்பதே. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து ஆற்றுக்குப் போகும் நீருக்கு நகரமும் அனுமதி பெற்றிருக்கிறது, அதன் வரம்பு மீறப்பட்டால் மாநில அரசோ மத்திய அரசோ நகரத்தின் மீது வழக்குத் தொடரலாம், குடிமக்களும் தொடரலாம். தான் தண்டிக்கப்படாமல் இருக்க வேண்டுமானால், தன் சாக்கடைக்குள் நஞ்சு விடுபவரை நகரம் தேடிப்பிடித்தே ஆக வேண்டும். இந்தப் பொறுப்புச் சங்கிலியே அந்த முறையின் முதுகெலும்பு.

சுமைக்கு ஏற்ற கட்டணம்

நஞ்சை விலக்குவது ஒரு பணி. நஞ்சல்லாத, ஆனால் நிலையத்துக்குச் சுமையாகும் கழிவுக்கு உரிய விலையைப் பெறுவது மற்றொரு பணி. பால் பண்ணையின் கழிவுநீரிலும் மதுபான ஆலையின் கழிவுநீரிலும் நுண்ணுயிர்கள் செரிக்கக்கூடிய பொருளே மிகுந்திருந்தாலும், வீட்டுக் கழிவுநீரைவிட அது பன்மடங்கு செறிவானது. பிரிட்டனில் 1937-ஆம் ஆண்டுச் சட்டம், உரிய அனுமதியுடன் தொழிற்கழிவைப் பொதுச் சாக்கடையில் விடும் உரிமையைத் தொழில் நடத்துவோருக்கு அளித்தது. அதற்கான கட்டணத்தைக் கணக்கிடும் முறை, மேற்கு லண்டனில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் பெயரால் ‘மாக்டன் வாய்பாடு’ என்று வழங்குகிறது. கழிவுநீரின் கொள்ளளவு, அதன் வேதிச் செறிவு, அதில் மிதக்கும் திடப்பொருளின் அளவு ஆகிய மூன்றையும் சேர்த்தே கட்டணம் கணக்கிடப்படுவதால், கழிவைக் குறைக்கும் ஆலைக்குக் கட்டணமும் குறைகிறது.

பெரிய ஆலைகளைக் கண்காணிப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. 2017-இல் லண்டனின் ஒயிட்சேப்பல் பகுதிச் சாக்கடையில், சமையல் கொழுப்பும் மட்காத துடைப்புத்தாளும் இறுகி 250 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 130 டன் எடையும் கொண்ட அடைப்பாக மாறியிருந்தன. அதை உண்டாக்கியது எந்த ஒரு தனி ஆலையும் அல்ல, எண்ணற்ற சமையலறைகள். உணவகங்களில் கொழுப்புப் பொறி அமைப்பதும், அதாவது கழிவுநீர் சாக்கடையை அடையுமுன் எண்ணெய் மிதந்து பிரிவதற்கான தொட்டி கட்டுவதும், அதில் சேரும் கொழுப்பை முறையாக அள்ளி அகற்றியதற்கான சீட்டை ஆய்வாளரிடம் காட்டுவதும் சிறிய செலவில் முடிபவை. ஆயினும் இவற்றைத் தெருத்தெருவாகச் சென்று பார்க்க ஆள் வேண்டும்.

இந்தியாவில் பிரிந்து கிடக்கும் பொறுப்பு

இந்தியச் சட்டம் வாசகத்தில் எவருக்கும் பின்தங்கியதன்று. 1974-ஆம் ஆண்டு நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டத்தில் 1988-இல் செய்யப்பட்ட திருத்தம், ஓடைக்கும் கிணற்றுக்கும் மட்டுமே இருந்த தடையைச் சாக்கடைக்கும் நிலத்துக்கும் விரித்தது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் தொழிற்கழிவைச் சாக்கடையில் விடக்கூடாது என்று ஆக்கியது. மீறும் ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் ஆணையிடும் அதிகாரத்தை வாரியத்துக்கு அளித்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணை, பொதுச் சாக்கடைக்குரிய வரம்புகளைத் தனிப் பத்தியாகவே தருகிறது. கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவான பி.ஓ.டி. லிட்டருக்கு 350 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 600, எண்ணெயும் கொழுப்பும் 20, ஆறு இணைதிறக் குரோமியம் 2, பாதரசம் 0.01 என்று அது வரையறுக்கிறது. ஆற்றில் நேரடியாக விடுவோருக்குப் பி.ஓ.டி. வரம்பு 30 மட்டுமே. சாக்கடைக்குப் பன்னிரண்டு மடங்கு அளவில் சலுகை தரப்படுவது, கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான்.

அந்த நம்பிக்கையை அட்டவணையே ஒரு நிபந்தனையாக எழுதியிருக்கிறது. உயிரியல் முறை உட்பட இரண்டாம் நிலைச் சுத்திகரிப்புக்குச் செல்லும் சாக்கடைக்கே இந்த வரம்புகள் பொருந்தும். அவ்வாறு செல்லாத சாக்கடையில் விடுவது ஆற்றில் விடுவதாகவே கொள்ளப்படும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி, நாட்டின் நகர்ப்புறங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236 மில்லியன் லிட்டர். இந்த இரு எண்களையும் அந்த நிபந்தனையோடு சேர்த்து வாசித்தால், சாக்கடைக்குரிய சலுகை வரம்பைப் பயன்படுத்தும் ஆலைகளில் எத்தனைக்கு அந்தச் சலுகை உண்மையில் உரியது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியை ஒவ்வொரு நகரமும் தன் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு விடைகாண வேண்டும்.

நிலையம் இருந்தும் கண்காணிப்பு வலுவாக இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் கான்பூர் நீண்டகாலச் சான்று. கங்கைக் கரையில் ஜாஜ்மவ் பகுதித் தோல் ஆலைகள் குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1987-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற நீதிபதி இ.எஸ். வெங்கடராமையா, குறைந்தபட்சக் கூலி தர இயலாத தொழிலுக்கு எப்படி இடமில்லையோ, அப்படியே முதனிலைச் சுத்திகரிப்பு அமைக்க இயலாத ஆலைக்கும் இடமில்லை என்ற கொள்கையை நிறுவினார். பின்னர் 1994-இல், 9 மில்லியன் லிட்டர் தோல் ஆலைக் கழிவையும் 27 மில்லியன் லிட்டர் வீட்டுக் கழிவையும் கலந்து சுத்திகரிக்கும் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. ஆலைகள் குரோமியத்தைத் தம் வளாகத்திலேயே பிரித்துவிட்டு அனுப்பும் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. அதை நாள்தோறும் உறுதிசெய்யும் ஏற்பாடு வலுவாக அமையாததால், நிலையத்துக்குள் குரோமியம் வந்துகொண்டே இருந்தது. சுத்திகரித்த நீர் பாய்ந்த வயல்களிலும் அது படிந்தது. தீர்ப்பும் நிலையமும் இருந்தன. ஆலையின் வாசலில் மாதிரி எடுக்கும் கை போதவில்லை.

மாதிரி எடுப்பதும் எளிய காரியமன்று. நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஆலை உரிமையாளருக்கு அறிவிப்புத் தந்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையொப்பம் பெற்று, ஏற்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இதில் பிழை நேர்ந்தால் ஆய்வு முடிவு நீதிமன்றத்தில் சான்றாகாது. இந்தக் கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் கழிவு நள்ளிரவில் விடப்படுகிறது. ஆய்வாளர் பகலில் வருகிறார். எனவே ஆலை வளாகத்துக்கு வெளியே, எந்நேரமும் திறந்து பார்க்கக்கூடிய ஆய்வுத் தொட்டி இணைப்பின் கட்டாய நிபந்தனையாக வேண்டும். சந்தேகத்துக்குரிய தெருக்களின் சாக்கடையில் தானியங்கி மாதிரிக் கருவிகளைப் பொருத்திக் கழிவின் ஊற்றுக்கண்ணை நோக்கிப் படிப்படியாக முன்னேற வேண்டும். சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகம் ஆவியாகும் கரைப்பான்களை உணரும் கருவிகளைச் சாக்கடைக்குள்ளேயே வைத்துக் கண்காணிக்கிறது. 2003-இல் அறிமுகமான ‘நியூவாட்டர்’ என்னும் மறுசுத்திகரிப்பு நீரின் மூலப்பொருள் அந்தச் சாக்கடை நீர் என்பதால், அதன் தூய்மை அந்நாட்டுக்கு உயிர்நாடியான செய்தி.

சென்னையும் இப்போது அதே நிலையில்தான் இருக்கிறது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் இயங்கத் தொடங்கிய மூன்றாம் நிலை எதிர்ச்சவ்வூடு பரவல் நிலையங்கள், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மீட்டு, மணலி, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கு வழங்குவதற்காக அமைக்கப்பட்டவை. மிக நுண்ணிய சவ்வு வழியே அழுத்தத்தில் நீரைப் பிழியும் இந்த முறையில், எண்ணெயும் கரைப்பானும் உலோகமும் சவ்வைக் கெடுக்கும், செலவைக் கூட்டும். ஆகவே சாக்கடைக்குள் விடப்படும் நஞ்சு, விலைக்கு விற்கும் நீரைக் கெடுப்பதாகவே கொள்ளத்தக்கது. எனினும் சாக்கடை இணைப்பைத் தருவது ஒரு வாரியம், இசைவாணையைத் தருவது மற்றொரு வாரியம். நிலையம் பாதிக்கப்பட்டால் இழப்பு முதல் வாரியத்துக்கு. இசைவாணையின் நிபந்தனைகளைக் காக்கும் பொறுப்போ மாநிலம் முழுவதும் பல்லாயிரம் ஆலைகளைப் பார்க்க வேண்டிய இரண்டாம் வாரியத்துக்கு.

தண்டனை முறையிலும் இடைவெளி நீண்டகாலம் நிலவியது. ஒருபுறம் விளக்கம் கேட்கும் அறிவிப்பு, மறுபுறம் ஆலையை மூடும் ஆணையும் ஆறாண்டு வரை சிறை என்ற குற்ற வழக்கும் இருந்தன; இடைப்பட்ட படிகள் மெலிந்திருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் வழிகாட்டுதலால் மீறல் நாள்களைக் கணக்கிட்டு இழப்பீடு பெறும் முறை வந்தது. 2024-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பல மீறல்களுக்குச் சிறைத்தண்டனையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை விதிக்க வழிசெய்தது. அதைத் தீர்மானத்தின் மூலம் ஏற்கும் மாநிலங்களுக்கே அது பொருந்தும். விரைவான தண்டத்தொகை வரவேற்கத்தக்கது. ஆயினும் நாள்தோறும் பெருமளவில் கழிவு விடும் ஆலைக்கு 15 லட்சம் ரூபாய் சுத்திகரிப்புச் செலவைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், மிச்சப்படுத்திய பணத்தை முழுவதும் பறிக்கும் கொள்கை அதனுடன் சேராவிட்டால் அது உரிமக் கட்டணமாகத் தேய்ந்துவிடும்.

சிறு பட்டறைகள் இந்தச் சுமையைத் தாங்குமா என்ற கேள்வி நேர்மையானது. அதற்கு விடை விதியைத் தளர்த்துவதன்று. பத்துப் பட்டறைகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு, செறிந்த கழிவைத் தனியே சேகரித்து எடுத்துச் செல்லும் ஊர்தி, கருவி வாங்கக் குறைந்த வட்டிக் கடன், திருத்திக்கொள்ள எழுத்தில் தரப்பட்ட காலக்கெடு ஆகியவையே விடை. சிறுதொழிலைக் காப்பதாகச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வதன் விலையைச் செலுத்துவோர், அந்தத் தொழிலைவிட எளிய மனிதர்கள். தோல் ஆலையின் சல்பைடு நீரும் மற்றொரு ஆலையின் அமில நீரும் சாக்கடையில் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழும். செறிவு மிகுந்தால் அது சில மூச்சுகளிலேயே நினைவை இழக்கச் செய்யும். சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும், இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்திய 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருந்தும் மரணங்கள் ஓயவில்லை. சாக்கடைக்குள் போகும் கழிவைக் கட்டுப்படுத்துவது அந்த உயிர்களைக் காப்பதன் ஒரு பகுதி.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சாக்கடையை நடத்தும் வாரியத்துக்கே தன் இணைப்புகளைச் சோதிக்கும் கடமையையும், படிப்படியாகத் தண்டித்து இறுதியில் இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தையும் மாநில அரசு முழுமையாக ஒப்படைக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிநீருக்கு அந்த வாரியத்தைத் தயவின்றிப் பொறுப்பாக்க வேண்டும். கட்டணம் கழிவின் செறிவைப் பொறுத்து அமைய வேண்டும். மீறிய ஆலைகளின் பட்டியல் ஆண்டுதோறும் தமிழ் நாளிதழ்களில் வெளிவர வேண்டும்.

இவற்றுள் கடைசியாகச் சொன்னதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இசைவாணை நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்பட்ட எவரும் பார்க்கலாம் என்று நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு ஏற்கெனவே கூறுகிறது. பொது அமைப்புகள் தாமாகவே தகவலை வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கூறுகிறது. அந்தப் பட்டியலை இந்த ஆண்டே வெளியிடத் தொடங்குவது அரசின் கடமை. வெளியிடும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது, அந்தச் சாக்கடைக்கு வரி செலுத்தும் குடிமக்களின் கடமை.